தணிந்திருக்கும் காலத்துக்கும் வைத்தியம் வேண்டும்

சொரியாசிஸ் என்று தெரிந்ததும் நோயாளியும் குடும்பத்தாரும் கேட்கும் முதல் கேள்வி, ‘இது முழுசா குணமாகிடுமா?’ என்பதுதான். முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் சிவந்த திட்டுகள் படர்ந்து, வெள்ளைச் செதிலாக உதிர்ந்து, அரிப்பில் தூக்கமும் கெடும்போது வேறெதைக் கேட்கத் தோன்றும்? ஆனால், ‘குணமாகிவிடும்’ என்று உறுதி சொல்பவரைத் தேடி அலைவதில்தான் பலருடைய பணமும் வருடங்களும் கரைகின்றன. இது திரும்பத் திரும்ப வரும் இயல்புடைய நோய். அதை ஏற்றுக்கொண்டு, திட்டு மறைந்திருக்கும் மாதங்களிலும் கவனிப்பைத் தொடர்பவருக்கே நிம்மதியான நாட்கள் கூடும். நாமோ திட்டு கிளம்பிய பிறகு ஓடுவதற்கும், அது மறைந்ததும் மருந்தை மூட்டை கட்டி வைப்பதற்கும் பழகியிருக்கிறோம்.

நோயின் உள்நடப்பைப் பார்த்தால் இந்தப் பழக்கம் ஏன் தவறு என்பது விளங்கும். சாதாரணமாகத் தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் அந்தப் பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் அடுக்கடுக்காகக் குவிந்து செதிலாகின்றன. இப்படி விரட்டுவது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பேதான். டி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் தேவையில்லாமல் கிளர்ந்து, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. இதில் கிருமித் தொற்று எதுவும் இல்லை. எனவே தொட்டாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்தினாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ மற்றவருக்கு ஒட்டாது. கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. திட்டு மறைந்து தோல் பார்வைக்குச் சீராகிவிட்ட பிறகும், பழைய அழற்சியை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் அதே இடத்தில் தங்கிவிடுகின்றன. போன முறை வந்த இடத்திலேயே மறுபடியும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேலே தெளிந்த தோல், அடியில் நீறு பூத்த நெருப்பு.

அப்படியென்றால், தணிந்த காலத்தில் மருந்தைத் தொடர்ந்தால் பலன் உண்டா? இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். கால்சிபோட்ரியால், பீட்டாமெத்தசோன் இரண்டும் கலந்த நுரை மருந்தால் திட்டுகள் தெளிந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரம் இருமுறை அதே மருந்தையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத நுரையையும் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். திட்டு திரும்பியபோது இரு பிரிவினருக்கும் முழுச் சிகிச்சை தரப்பட்டது. முதல் முறை திரும்ப எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் மருந்து பூசியவர்களுக்கு 56 நாள், பூசாதவர்களுக்கு 30 நாள். நோய் போய்விடவில்லை, ஆனால் இடைவெளி ஏறக்குறைய இரட்டிப்பானது. நான் வலியுறுத்துவது இந்த இடைவெளியைத்தான். இதை மருத்துவர் வகுத்துத் தரும் அளவில்தான் செய்ய வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் தினமும் தடவுவது தோலை மெலியச் செய்யும். சட்டென நிறுத்தினால் நோய் முன்னிலும் வேகமாகக் கிளம்பலாம். ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் இன்னும் ஆபத்தானவை. இரண்டு நாளில் உடம்பு பளிச்சென்று ஆகும். நிறுத்திய பிறகு உடல் முழுவதும் சிவந்து, சீழ்க்கொப்புளம் கிளம்பி, உயிருக்கே ஆபத்தாகும் நிலைக்குப் போனவர்கள் உண்டு. 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு உத்தரவிட்டது. கடைகளில் அது எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பதைச் சோதிப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கடமை.

இடைக்காலக் கவனிப்பு என்பது மருந்து மட்டுமல்ல. நம் ஊரில் சொரியாசிஸ் என்றதும் பத்தியப் பட்டியல் வந்துவிடும்: கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, முட்டை ஆகாது. இவை எல்லாருக்கும் நோயைத் தூண்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. ஆதாரம் உள்ளவையோ அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை: மது, புகை, மிகையான உடல் எடை. எடை கூடியவர்கள் அதைக் குறைத்தபோது திட்டுகளும் குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று, குறிப்பாகப் பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும், உடலெங்கும் நோயைச் சிறு சிறு புள்ளிகளாகக் கிளப்பிவிடும். மனநோய்க்குத் தரப்படும் லித்தியம், இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள், மலேரியா மருந்துகள் ஆகியவையும் சிலருக்கு நோயைத் தூண்டலாம். அவற்றைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கீறல், தேய்ப்பு, பச்சை குத்திய இடம் எங்கும் புதுத் திட்டு முளைக்கலாம் என்பதால் செதிலைப் பிய்ப்பதும் நார் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. மார்கழிக் குளிரில் தோல் வறளும்போது பலருக்கு மோசமாகும். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுவது மலிவான, தினசரிப் பாதுகாப்பு. மன அழுத்தத்தை வெறும் பேச்சு என்று ஒதுக்க வேண்டியதில்லை. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், புற ஊதாக் கதிரால் செய்யும் ஒளிச் சிகிச்சையின்போது தியானப் பயிற்சி ஒலிநாடாவைக் கேட்டவர்களுக்கு மற்றவர்களைவிட விரைவாகத் திட்டுகள் மறைந்தன.

‘எங்கள் ஊரில் ஒருவருக்கு நாட்டு மருந்தில் அடியோடு போய்விட்டதே’ என்பார்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. இந்த நோய் தானாகவே சில மாதங்கள், சிலருக்குச் சில ஆண்டுகள்கூட அடங்கிக் கிடக்கும். அடங்கும் வேளையில் கையில் எந்த மருந்து இருந்ததோ, பெயர் அதற்குப் போய்விடுகிறது. சித்த மருத்துவத்தின் வெட்பாலைத் தைலம் போன்ற எண்ணெய்கள் வறண்ட தோலுக்கு இதம் தரலாம். பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போவதையும் நான் தடுக்கவில்லை. எதிர்ப்பது இரண்டை: ‘நிரந்தரத் தீர்வு’ என்ற விளம்பரத்தை நம்பி, எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தைத் திடீரென விடுவது, என்ன கலந்திருக்கிறது என்று எழுதப்படாத பொடியை விழுங்குவது.

இன்னொரு தயக்கம் கனமானது: காலமெல்லாம் மருந்து எடுத்தால் கல்லீரல் என்னாகும்? நோய் தீவிரமானவர்களுக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கல்லீரலையும் ரத்த அணுக்களையும் பாதிக்கக் கூடியது என்பது உண்மை. அதனால்தான் குறித்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், மதுவை விடச் சொல்கிறார்கள், கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை. அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து. தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இதை மருந்துச் சீட்டில் கிழமையின் பெயரோடு தமிழில் எழுதித் தருவது ஒவ்வொரு மருத்துவமனையிலும் கட்டாயமாக வேண்டும். மறுபுறம், நோயைக் கவனிக்காமல் விடுவதும் பாதுகாப்பானதல்ல. சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் பேருக்கு வரை மூட்டுவாதம் வரலாம். விட்டுவிட்டால் விரல்கள் மீளாதபடி கோணும். சர்க்கரை நோய், மாரடைப்பு, மனச்சோர்வு ஆகியவற்றின் அபாயமும் இவர்களுக்குக் கூடுதல்.

‘குணமாகாது என்று சொன்னால் நோயாளி உடைந்துபோக மாட்டாரா?’ சர்க்கரை நோய்க்கு இதையே சொல்கிறோம். மாத்திரையோடும் நடைப்பயிற்சியோடும் மக்கள் வாழத்தான் செய்கிறார்கள். நோயாளியை உடைப்பது, ஒவ்வொரு முறை திட்டு திரும்பும்போதும் ‘பத்தியம் தப்பிட்டே’ என்று அவர்மேலேயே பழி போடுவதும், கல்யாணப் பேச்சில் அவரை ஒளித்துவைப்பதும்தான்.

உலக சுகாதாரப் பேரவை 2014இல் சொரியாசிஸைத் தீவிரமான, நாள்பட்ட தொற்றா நோயாக அங்கீகரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுக்கிறது. அந்தக் கட்டமைப்பில் சொரியாசிஸையும் சேர்க்கலாம். செலவு அதிகம் என்ற மறுப்பு இங்கே அவ்வளவாக எடுபடாது. லட்சங்களை விழுங்கும் உயிரி ஊசிகள் எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. மெத்தோட்ரெக்சேட்டும் பூச்சு எண்ணெயும் மலிவானவை. மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் ஓர் ஒளிச் சிகிச்சைக் கருவி வேண்டும். வாரம் இரண்டு மூன்று முறை வர வேண்டிய சிகிச்சைக்குக் கூலி வேலை செய்பவர் சென்னைக்கோ மதுரைக்கோ போய்வர முடியாது. வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் சொரியாசிஸ் நோயாளியிடம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு, காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். தோல் தெளிந்திருக்கும் மாதத்திலும் அவர் அந்தக் கதவைத் தட்ட வேண்டும்.