சந்தர்ப்பவாதி எனப் பழிக்கப்படும் கழுகு

அரசியலில் சந்தர்ப்பவாதி என்பது வசைச்சொல். உயிரியலில் அது வெறும் விவரிப்பு. கிடைக்கும் இரையைக் கிடைக்கும் இடத்தில் எடுத்துக்கொள்ளும் விலங்குகளையும் பறவைகளையும் அறிவியலாளர் அவ்வாறு குறிப்பிடுகின்றனர். நாமோ அரசியலின் கசப்பையும் சேர்த்துப் பறவையின் தலையில் ஏற்றிவிடுகிறோம். இலங்கை மலையகத்தின் கருங்கழுகுக்கு நேர்வது இதுதான்.

உடல் முழுவதும் கருமை, கால்கள் மஞ்சள். சிறகு விரித்தால் ஐந்து முதல் ஆறு அடி. இது வானத்திலிருந்து கல்லைப்போல் விழுந்து இரையைக் கவ்வும் பறவையன்று. காட்டின் மரமுகடுகளை உரசுவதுபோல் மிக மெதுவாக மிதந்து, இலைகளுக்கிடையே கூடுகளைத் தேடும். முட்டை, குஞ்சு எதுவாயினும் எடுக்கும். சில வேளைகளில் கூட்டையே பெயர்த்துச் செல்லும். அதற்கேற்ப அதன் நகங்கள் மற்றக் கழுகுகளின் நகங்களைவிட நீண்டு, வளைவு குறைந்து அமைந்துள்ளன. எலி, பல்லி, தவளை, பாம்பு ஆகியவையும் அதற்கு உணவாகும்.

கூடு கொள்ளையிடும் பறவை என்றதும் வெறுப்புத் தோன்றலாம். ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கூடுகளை நம்பி வாழும் கழுகு நிலைத்திருக்க, ஏராளமான பறவைகள் கூடு கட்டும் காடு வேண்டும். கருங்கழுகு வட்டமிடும் இடத்தில் காடு இன்னும் உயிரோடிருக்கிறது என்று பொருள். அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் பறவை. இழந்த எண்ணிக்கையை விரைவில் மீட்க அதனால் இயலாது.

அந்தக் காட்டைக் குறைத்தவர் யார்? கழுகன்று. கோப்பிக்காக மலைகள் வெட்டப்பட்டன. 1869இல் இலைத்துரு நோய் பரவிக் கோப்பி அழியத் தொடங்கியபின் தேயிலை வந்தது. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்காது விடவேண்டுமென ஆலோசனை கூறினார். தலவாக்கலை நகரம் ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் உள்ளது. அதாவது அந்தப் பாதுகாப்புக் கோட்டுக்குக் கீழே. இத்தகைய இடங்களில் எஞ்சியவை ஆற்றோரங்களிலும் பாறைச் சரிவுகளிலும் மலைமுகடுகளிலும் உள்ள துண்டுக் காடுகளே.

இங்கே தோட்டத் தொழிலாளியின் நியாயத்தையும் பேசியாக வேண்டும். லயத்து அறையில் வாழும் குடும்பத்துக்குச் சொந்தமென்று இருப்பது சில கோழிகளும் சிறு காய்கறிப் பாத்தியுமே. குஞ்சொன்றை வல்லூறோ பருந்தோ தூக்கினால் அது உண்மையான இழப்பு. அந்தக் கோபம் வானில் தெரியும் பெரிய கரிய பறவைமீது திரும்புவதும் இயல்பே. ஆயினும் கருங்கழுகின் வேட்டைக்களம் காட்டின் மரமுகடே, லயத்து முற்றமன்று. குஞ்சுகளைச் சில வாரங்கள் வலையிட்ட கூட்டில் வைத்து வளர்த்தால் வல்லூறின் தொல்லையும் பெருமளவு குறையும். எலிக்கு வைக்கும் நஞ்சிலும் கவனம் தேவை. நஞ்சுண்ட எலியைத் தின்னும் பறவையும் மடியக்கூடும்.

ஆனால் பெரிய பொறுப்பைத் தொழிலாளியின் தோளில் சுமத்துவது நேர்மையன்று. இருநூறு ஆண்டுகளாகப் பிறர் நிலத்தில் உழைத்த மக்களிடம் "பறவைக்காகத் தியாகம் செய்யுங்கள்" என்று உபதேசிப்பது எளிது. காட்டுத் துண்டுகளின்மீது அதிகாரம் உள்ளவர்கள் அவர்கள் அல்லர். அரசும், 1992 முதல் தோட்டங்களை நிர்வகித்துவரும் கம்பனிகளுமே. ஓடைக்கரை மரங்களை விறகுக்கும் பலகைக்கும் வெட்டாதிருப்பதும், வெட்டிய இடத்தில் நாட்டு மரங்களை நடுவதும் அவர்களின் கடமை. அம்மரங்களே மண்சரிவைத் தடுத்து, லயத்துக்குக் குடிநீர் தரும் ஊற்றையும் காக்கின்றன. கழுகுக்குச் செய்வது தொழிலாளிக்கும் செய்வதாகும்.

சந்தர்ப்பம் கிடைத்தபோது ஒரு குஞ்சை எடுத்த பறவையைப் பழிக்கிறோம். சந்தர்ப்பம் கிடைத்தபோது மலையையே எடுத்துக்கொண்டவர்களை என்ன பெயரிட்டு அழைப்பது?