மன்னரும் இல்லை, பிரிட்டிஷாரும் இல்லை: 1886 ஒப்பந்தம் மட்டும் எப்படி நிக்குது?

கம்பத்திலிருந்து மலையேறி குமுளி போயிருக்கீங்களா? அந்த எல்லையைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். முல்லைப் பெரியாறு அணை அங்கேதான் இருக்கு. நிலம் கேரளாவுடையது, அணையை இயக்குவது தமிழ்நாடு. பாலக்காடு மாவட்டத்திலுள்ள பரம்பிக்குளம் அணையிலும் இதே ஏற்பாடுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். பரம்பிக்குளம் ஒப்பந்தம் 1970-ல் இரண்டு மாநிலங்களும் போட்டுக்கொண்டது. முல்லைப் பெரியாறு ஒப்பந்தமோ 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் நடுவே கையெழுத்தானது. குத்தகைக் காலம் 999 ஆண்டு. கையெழுத்துப் போட்ட இரண்டு அரசுகளும் இன்று இல்லை.

அப்போ அது செல்லாதா?

செல்லும். ஆட்சி போனாலும் அதன் சொத்தும் கடனும் அடுத்து வரும் அரசின் தலையில் விழும்.

ஜெர்மனியைப் பாருங்க. 1871-ல் உருவான கைசர் பேரரசு 1918-ல் முடிந்தது. அடுத்து வந்த குடியரசு, போர் இழப்பீடு கட்ட 1924-லும் 1930-லும் வெளிநாட்டில் கடன் வாங்கியது. பிறகு ஹிட்லர் ஆட்சி, தோல்வி, நாடு இரண்டாகப் பிரிந்தது, 1990-ல் மீண்டும் ஒன்றானது. இத்தனைக்கும் பிறகு, அந்தக் கடன் பாக்கியின் கடைசித் தவணையை ஜெர்மனி கட்டியது 2010 அக்டோபர் 3-ல்!

நம்ம நீதிமன்றம் என்ன சொன்னது?

'சுதந்திரத்தோடு குத்தகை காலாவதியாகிவிட்டது' என்று கேரளா வாதிட்டது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்கவில்லை. இது அரசியல் உடன்படிக்கை அல்ல, சாதாரண ஒப்பந்தம். மாநிலங்கள் மறுசீரமைப்புக்குப் பிறகும் தொடர்கிறது என்றது. நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தவும் அனுமதித்தது. இன்னொன்று: 1970 துணை ஒப்பந்தத்தில் குத்தகை வாடகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்ந்தது. அதில் கையெழுத்திட்டது மன்னர் அல்ல, கேரள அரசு.

அப்போ பிரச்சினை முடிஞ்சுதா?

இல்லை. தண்ணீர் யாருக்கு என்பதற்கு ஒப்பந்தம் பதில் சொல்லும். 1895-ல் கட்டி முடித்த அணை எவ்வளவு உறுதி என்பதற்குப் பொறியாளர்கள்தான் பதில் சொல்ல முடியும், அதுவும் திரும்பத் திரும்பச் சோதித்து. தேனி விவசாயியின் தேவையும் உண்மை, வண்டிப்பெரியாறில் வசிப்பவரின் பயமும் உண்மை. அடுத்த முறை வாட்ஸ்அப்பில் இந்தச் சண்டை வந்தால், எந்தக் கேள்விக்குச் சண்டை போடுறோம்னு முதலில் கேளுங்க.