பூஞ்சை தின்னும் வரலாறு

1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலில் ஒடுக்கப்பட்ட மக்களின் படங்கள் உண்டு. பெரும்பாலும் பெயர் இருக்காது, சாதி இருக்கும். அந்தப் படங்கள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நம் தாத்தா பாட்டி தலைசீவி, நல்ல துணி உடுத்தி, தாங்கள் விரும்பியபடி ஸ்டூடியோவில் நின்று எடுத்துக்கொண்ட படங்கள்தான் அழிந்துகொண்டிருக்கின்றன.

நாட்றாம்பாளையம் பக்கத்துக் காலனிகளில் ஆய்வுக்காகப் பழைய படங்களைக் கேட்டால், பூஞ்சை படர்ந்து சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போனவையே அதிகம் வருகின்றன. இதை அலட்சியம் என்று ஒதுக்க முடியாது. பழைய படத்தின் மேற்பூச்சு, விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை அதைத் தின்னத் தொடங்கும். தாழ்வான நிலத்தில், ஒழுகும் தொகுப்பு வீட்டில் வேறென்ன நடக்கும்? ஈரச்சுவர் யாருக்கு என்று முடிவு செய்தது சாதிதான்.

தோழர்களே, பூஞ்சை பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பூஞ்சை அரித்த ஜெலட்டின் நீரில் கரையும். முகமே துணியோடு வந்துவிடும். முதலில் மற்ற படங்களிலிருந்து அதைப் பிரித்து, நேரடி வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் உலர்த்துங்கள். முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் லேசாகத் தட்டிவிடுங்கள். பூஞ்சை ஈரமாக இருக்கும்போது தூரிகை படக்கூடாது, இன்னும் பரவும். கறை போகாவிட்டால் விட்டுவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். பிறகு காகித உறையிலிட்டு, சுவரில் படாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள். படத்தில் இருப்பவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு உறையின் மேல் எழுதுங்கள். உறைக்குள் படத்தை வைக்குமுன் எழுதிவிடுங்கள்.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில் வீடுகளோடு சான்றிதழ்களும் எரிந்தன. நம் படங்களுக்கு ஒரே ஒரு பிரதி போதாது என்பதற்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களை மின்னாக்கம் செய்தது. அதுபோன்ற வேலை சேரிக்குள்ளும் நடக்க வேண்டும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகமும் ஆதிதிராவிடர் நலத்துறையும் ஊர் ஊராக ஸ்கேன் முகாம் நடத்தட்டும். மூலப்படம் குடும்பத்திடமே இருக்க வேண்டும். அவர்கள் சம்மதமின்றி எதையும் வெளியிடக் கூடாது. ஒழுகாத கூரையும் அந்தக் கோரிக்கையில் சேர்ந்ததுதான்.