போன் சொன்ன ஒரே சொல்

"இணையத்தில் வருவதை மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டச் செய்வது அரசும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் பார்க்க வேண்டிய வேலை. நமக்கென்ன?" தஞ்சைப் பக்கம் படித்தவர்களே இப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

எங்கள் தெருவில் பார்வையில்லாத அண்ணன் ஒருவர் இருக்கிறார். இரண்டு ஏக்கரில் சம்பா. போனில் டாக்பேக் என்னும் திரைவாசிப்பானைப் போட்டு, விரல் வைத்த இடத்தையெல்லாம் காதால் படித்துவிடுவார். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி குறித்த அறிவிப்பு ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்று, அவர் போன் ஒரே சொல்லைத்தான் சொன்னது: "போட்டோ." தட்டச்சு செய்த தாளைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். மகன் வேலை முடிந்து வந்து படித்துச் சொன்னபோது இரவு ஒன்பது மணி. இதில் எந்தக் கம்பெனி மேல் குற்றம்?

"படிக்கத்தான் மென்பொருள் இருக்கிறதே" என்பார்கள். எழுத்து எழுத்தாக இருந்தால் படிக்கும். பாமினி எழுத்துருவில் அடித்தால், கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, செமிகோலன். திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். எழுத்தை எழுத்தாகவே வைக்கும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்று ஆணையிட்டுவிட்டது. இன்னும் பாமினியில் அடிப்பது நாம்தான்.

சட்டமும் அரசோடு நிற்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 46-வது பிரிவில் தனியார் சேவை நிறுவனங்களையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. ஆசிட் வீச்சில் கண்கள் சிதைந்த ஒரு பெண், வங்கிக் கணக்கு தொடங்கப் போனார். டிஜிட்டல் அடையாளச் சரிபார்ப்புக்காகக் கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொன்னார்கள். அந்த வழக்கில்தான் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது.

"எத்தனை பேருக்காக இதெல்லாம்?" 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். ஒருவரே இருந்தாலும் என் பதில் மாறாது. கடைமடையில் ஒரு வயல்தான் இருக்கிறது என்று வாய்க்காலை அடைப்போமா? மேட்டூர் அணையைத் திறப்பது அரசு. வயல் வாய்க்காலில் மண்டிய ஆகாயத்தாமரையை அள்ளிப் போடுவது ஊர். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

செலவும் இல்லை. ஊர்க் குழுவில் இனி அறிவிப்பைப் படமாகப் போடுகிறவர்கள், என்ன விஷயம், எந்தத் தேதி, எந்த இடம் என்று கீழே இரண்டு வரி தட்டிவிட்டு அனுப்புங்கள்.