காரத்திற்கு லாகரா, மோரா?

நம் சங்கத்தின் பொங்கல் விருந்து நெருங்கும்போதெல்லாம் ஒரு வழக்கு எழும். காரக்குழம்பை யார் வைப்பது என்பதன்று; அதனோடு அருந்துவது எது என்பதே வழக்கு. "குளிர்ந்த லாகர் பியர் இருந்தால்தான் காரம் அடங்கும், சங்கப் பணத்திலேயே வாங்கலாம்" என்றார் ஒரு நண்பர். அவர் கூற்றின் இரு பகுதிகளையும் மறுக்கவே இக்கட்டுரை.

பியருக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு பழையது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே லண்டன் ஹாட்ஜ்சன் வடிசாலையின் வெளிர் ஏல், கப்பலேறிக் கல்கத்தாவில் வந்து இறங்கியது. 1820களில் பர்ட்டன் நகரத்தார் போட்டிக்கு வந்தனர். ஆனால் அது லாகர் அன்று. ஹாப் மலரின் கசப்பேறிய ஏல். குளிரில் நெடுநாள் இருந்து பக்குவப்படுவதே லாகர். அதன் பொன்னிற வகை 1842இல் பொஹீமியாவின் பில்சென் நகரில் பிறந்தது. அதனைக் கறியோடு இணைபிரியாத் தோழனாக்கியவை பிரிட்டனின் கறிக்கடைகள். அங்கும் குறை தோன்றாமலில்லை. வாயு மிகுந்த லாகர் வயிற்றை உப்பச் செய்து உணவுக்கு இடமில்லாமல் ஆக்குகிறது என்று கண்ட கரண் பிலிமோரியா, வாயு குறைந்த கோப்ரா பியரை 1989இல் தொடங்கினார். அவர் ஐதராபாத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்றவர்.

இனி அறிவியல் கூறுவதைக் கேட்போம். காரம் சுவையன்று, எரிச்சல். மிளகாயிலுள்ள காப்சைசின், வெப்பத்தை உணரும் நரம்பு வாயிலைத் திறந்துவிடுகிறது. அவ்வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காப்சைசின் கொழுப்பில் கரையும். செறிந்த மதுவில் கரையும். நீரில் கரைவது அரிது. பியரிலோ நூற்றுக்கு ஐந்து பங்களவே மது. எஞ்சியது பெரும்பாலும் நீர். போதாக்குறைக்கு, மதுவும் அதே வாயிலைத் தூண்டுகிறது. வாயுக் குமிழிகள் எரியும் நாவைக் குத்துகின்றன. குளிர்ச்சி தரும் ஆறுதல் கணநேரமே. மோரில் உள்ள கேசீன் என்னும் புரதமோ காப்சைசினைப் பற்றி நாவினின்றும் அகற்றிவிடுகிறது. வங்க நண்பர்களின் கடுகுக் காசுந்தி மூக்கில் ஏறி நொடியில் இறங்கிவிடும்; நம் மிளகாய் நின்று எரிப்பது. அதற்கு மோரே மருந்து.

லாகரே வேண்டும் என்பாரை நான் பழிக்கவில்லை. கசப்பும் வாயுவும் குறைந்து, மால்ட்டின் மெல்லினிப்பு உடையதைத் தேர்க. காரத்தைக் கசப்பு மேலும் கூட்டும். ஆனால் தம் பணத்தில், தம் அறையில், தம் வயதறிந்து தேர்க. மேற்கு வங்கச் சட்டம் கேட்கும் வயது 21. நம் முதலாண்டு மாணவர் பலருக்கு 18 தானே?

சென்ற ஆண்டு விருந்தில் ஓர் இளைஞர் வெறுந் தண்ணீர்த் தம்ளரோடு ஓரத்தில் அமர்ந்திருந்தார். ஊரை விட்டு வந்து ஆறு திங்கள்கூட ஆகவில்லை. கோப்பைகளின் ஆரவாரத்தில் அவரை எவரும் அழைக்கவில்லை. பாயசம் வருமுன் எழுந்து போய்விட்டார். அவருக்காகவன்றோ சங்கம் இருக்கிறது?

ஆகவே நண்பர்களே, பந்தியின் நடுவே மோர்ப்பானையை வையுங்கள். நாம் மோர் என்போம், வங்கத்தார் 'கோல்' என்பர். அழைத்தவரும் விருந்தினரும், மூத்தவரும் இளையவரும் ஒன்றாய் அருந்தத் தக்கது அது ஒன்றே.