யாரைக் கேட்டு ஓடுது இதெல்லாம்?

அம்மாவின் மடிக்கணினியில் ஒருநாள் தமிழ் நின்றுபோனது.

ஆங்கிலம் வருகிறது, மலாய் வருகிறது, தமிழ் மட்டும் வரவில்லை. கோயில் ஆண்டுக்கூட்ட அறிக்கையை மறுநாள் கொடுக்க வேண்டும். "நான்தான் என்னமோ தப்பா அமுக்கிட்டேன் போல, நீ கொஞ்சம் வந்து பாருய்யா" என்று போன் செய்தார். அம்மா எதையும் தப்பாக அமுக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் கணினி மெதுவாக இருக்கிறதென்று ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் கொடுத்திருந்தார். கடைத்தம்பி 50 வெள்ளி வாங்கிக்கொண்டு, "தேவையில்லாத சர்வீஸ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன் ஆன்ட்டி, இனிமே லாஜுவா ஓடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

லாஜுவாகத்தான் ஓடியது, தமிழ் இல்லாமல்.

நடந்தது இதுதான். விண்டோஸ் 10-இல் சர்வீசஸ் பட்டியலைத் திறந்தால் 200-க்கும் மேற்பட்ட பெயர்கள் வரும். அதில் ஒன்று 'டச் கீபோர்ட் அண்ட் ஹேண்ட்ரைட்டிங் பேனல் சர்வீஸ்'. அம்மாவின் கணினியில் தொடுதிரை கிடையாது. ஆகவே இது எதற்கு என்று தம்பி நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் நான் இருந்தாலும் முதலில் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் 'சிடிஎஃப் மான்' என்ற இன்னொரு நிரலை எழுப்பிவிடுவது இந்தச் சேவைதான். நாம் அடிக்கும் 'அம்மா'வை எழுத்தாகக் கூட்டித் தருகிற அஞ்சல் போன்ற விசைப்பலகைகளுக்கு அந்த நிரல் வேண்டும். பட்டியலில் இருக்கும் விளக்க வரியோ பேனா, கையெழுத்து பற்றித்தான் பேசுகிறது. தமிழர்களும் சீனர்களும் ஜப்பானியர்களும் தட்டச்சு செய்வது இதை நம்பித்தான் என்று ஒரு சொல் இல்லை.

கடைத்தம்பியைத் திட்டி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். அது சுலபம். ஆனால் ஒரு கதவின் மேல் 'குப்பை அறை' என்று எழுதி வைத்துவிட்டு உள்ளே மின்சார மீட்டரை மாட்டியவனை விட்டுவிட்டு, அந்தக் கதவைப் பூட்டியவனை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? விண்டோஸ் 11-இல் இந்த வேலையைச் செய்யும் சேவைக்கு 'டெக்ஸ்ட் இன்புட் மேனேஜ்மென்ட் சர்வீஸ்' என்று பெயர். ஒழுங்கான பெயர் வைக்க முடியாமல் இல்லை. வைக்க இத்தனை வருடமாயிற்று.

பெயர் மாற்றத்தில் இன்னொரு வகையும் உண்டு. நம் கணினியின் பயன்பாட்டுத் தரவைச் சேகரித்து மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பும் சேவை முதலில் 'டயக்னாஸ்டிக்ஸ் டிராக்கிங் சர்வீஸ்' என்று இருந்தது. 'டிராக்கிங்' என்றால் பின்தொடர்வது, குறைந்தபட்சம் அதில் நேர்மை இருந்தது. 2015 நவம்பர் புதுப்பிப்பில் அது 'கனெக்டெட் யூசர் எக்ஸ்பீரியன்சஸ் அண்ட் டெலிமெட்ரி' ஆனது. வேலை அதேதான், பெயர் மட்டும் சலவைக்குப் போய் வந்தது. அந்தத் தரவு அனுப்புதலை அமைப்பின் வழியாகவே முழுவதுமாக அணைக்கும் வசதி என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கு உண்டு. அம்மா வாங்கிய ஹோம் பதிப்புக்குக் கிடையாது. என் வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்லாதே என்று சொல்லும் உரிமை, வாங்கிய பதிப்பைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. நான் சண்டைக்கு நிற்பது இந்த இடத்தில்தான்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டி எறிவோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ஒரே சொடுக்கில் ஐம்பது சேவைகளை நிறுத்தும் நிரல்களை நண்பர்கள் பெருமையாக அனுப்புகிறார்கள். அவர்கள் முதலில் கை வைப்பது விண்டோஸ் அப்டேட்டில். அம்மாவின் கணினியிலும் அது நிறுத்தப்பட்டுத்தான் இருந்தது. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று 2017-இல் பார்த்தோம். வன்னாகிரை தாக்குதல் பரவியது மே 12. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இடையில் இரண்டு மாதம் இருந்தும் புதுப்பிக்காத கணினிகள் மாட்டின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. கோபத்தில் கதவையும் சேர்த்துக் கழற்றுகிறவன் திருடனுக்குத்தான் உதவி செய்கிறான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் என் சக பொறியாளர்கள் இருக்கிறார்கள். "சாதாரண ஆளுக்கு இதெல்லாம் எதுக்குடா? கம்பெனிக்காரனுக்குத் தெரியும், விடு." இந்த வாதம் எனக்கு அதைவிட எரிச்சல். கம்பெனிக்காரனுக்குத் தெரியும் என்று விட்டதால்தான் 2005-இல் சோனி பிஎம்ஜி இசைக் குறுந்தட்டுகள், கேட்டவர்களின் கணினியில் ஒளிந்துகொள்ளும் நிரலை இறக்கின. அதன் சேவைக்கு 'பிளக் அண்ட் பிளே டிவைஸ் மேனேஜர்' என்று விண்டோஸின் சொந்தப் பிள்ளை போலப் பெயர் சூட்டியிருந்தார்கள். மார்க் ருசினோவிச் என்ற பொறியாளர் தன் கணினியிலேயே அதைக் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கெட்ட எண்ணமே இல்லாவிட்டாலும் ஆபத்துதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்குப் பின்னணியில் போன ஒரு தவறான கோப்பு, 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையோடு உட்கார வைத்தது. தெரிந்தவர்கள் செய்ததுதான் அது.

இப்படிச் சொல்லும் என் நண்பர்கள் வேலை பார்ப்பது பாயான் லெப்பாஸில். 1972-இல் சுதந்திர வர்த்தக வட்டாரமாகத் தொடங்கியது, அதே ஆண்டு இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் போட்ட இடம். நானும் அங்கேதான். எங்கள் தளத்தில் ஒரு சோதனை இயந்திரத்தில் சின்ன நிரலை மாற்ற வேண்டுமென்றாலும் படிவம் உண்டு. என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது, பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது, இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒரு விசையைத் தொட முடியாது. இயந்திரம் கம்பெனியுடையது என்பதால் இவ்வளவு மரியாதை. அதே கம்பெனிகளின் சில்லுகள் அம்மாவின் வீட்டுக்கு வந்ததும் அந்த மரியாதை எங்கே போகிறது? அம்மாவும் காசு கொடுத்துத்தானே வாங்கினார்?

நான் கேட்பது அந்தப் படிவத்தில் இருக்கும் மூன்று வரிகளைத்தான். இந்தச் சேவை என்ன செய்கிறது என்று, பயன்படுத்துபவரின் மொழியில் உண்மையான ஒரு வரி. நிறுத்தினால் எது நின்றுபோகும் என்று, நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வரி. பழையபடி ஆக்க ஒரு பொத்தான். இதோடு நாலாவதாக, அணைக்கும் உரிமை எல்லாப் பதிப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முடியாத காரியம் இல்லை. 2022-இல் வந்த மேக் ஓஎஸ் வென்சுராவிலிருந்து, ஒரு மென்பொருள் பின்னணியில் ஓட ஏற்பாடு செய்தால் திரையோரம் அறிவிப்பு வருகிறது, அமைப்புகளில் போய் அணைக்கலாம். முழுமையானதல்ல, ஆனாலும் சொல்கிறது. லினக்ஸ் பக்கம் 2010-இல் சிஸ்டெம்டி வந்தபோது நடந்த சண்டை சாதாரணமானதல்ல. எல்லாச் சேவைகளையும் ஒரே நிரலின் கையில் கொடுப்பதா என்று டெபியன் குழு மாதக்கணக்கில் ஊரறிய வாதாடி, 2014-இல் வாக்கெடுத்தது. ஒப்பாதவர்கள் பிரிந்துபோய் டெவுவான் என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள். யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். பின்னணியில் எது ஓடுவது, யார் ஓட்டுவது என்பது வாக்குப் போடுமளவுக்குப் பெரிய விஷயம் என்று அவர்கள் மதித்தார்கள். நாம் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்திவிட்டுத் தே தாரே ஆற்றப் போய்விடுகிறோம்.

இதில் தமிழர்களுக்குத் தனியாக ஒரு பங்கு இருக்கிறது. 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். கணினியில் தமிழ் வர என்ன பாடுபட வேண்டியிருந்தது என்று மலேசியர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இன்று அஞ்சலும் தமிழ் 99-உம் விண்டோஸுக்குள்ளேயே வருகின்றன. வந்ததும் நாம் நிம்மதியாகிவிட்டோம். எழுத்து உள்ளே போனால் போதுமா? அந்த எழுத்தைத் தாங்கும் சேவைக்குத் தமிழில் ஒரு விளக்கம் இல்லாததால், 50 வெள்ளி வேலையில் அது காணாமல் போகிறது. நம் தமிழ்க் கணிமை மாநாடுகள் எழுத்துருவைப் பற்றிப் பேசிய நேரத்தில் ஒரு பங்கையாவது இதற்குக் கொடுக்கலாம்.

அன்றிரவு அந்தச் சேவையை மறுபடி ஓடவிட்டேன். அப்டேட்டையும் திறந்துவிட்டேன். தரவு அனுப்புவதை ஹோம் பதிப்பு அனுமதித்த மட்டும் குறைத்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தனை பேரு உள்ள வேல செய்யுறாங்களா? எனக்கு ஒருத்தரையும் தெரியாதே" என்றார். ஒரு நோட்டை எடுத்து, நான் சொல்லச் சொல்ல முக்கியமான பன்னிரண்டு சேவைகளின் பெயரையும் வேலையையும் தமிழில் எழுதிக்கொண்டார்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோகிறாராம். இதையெல்லாம் தொடாதே தம்பி என்று சொல்வதற்கு.