விலை ஏறினால் குடி விலகுமா?

தோட்டத் தொழிலாளி குடிப்பதனாலேயே ஏழையானான் என்று கூறுவோர் நம்மிடையே பலர். அது பாதி உண்மையே. மறுபாதியைச் சப்பிரகமுவ மாகாணத்து மழை சொல்லும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் விடியலில் மழை பிடித்துக்கொண்டால் இறப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை; அன்று முழுப்பேர் கிடைப்பதும் அரிது. 2021இல் தேயிலை, இறப்பர்த் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. மறு ஆண்டின் பொருளாதார நெருக்கடி அதன் பெறுமதியை விழுங்கிற்று. 2023 ஜனவரியில் மதுவரியும் 20 சதவீதம் உயர்ந்தது.

விலை ஏறினால் குடி குறையுமென்பது எப்போதாவது குடிப்பவனுக்குப் பொருந்தலாம். கைநடுக்கம் தீரக் குடிப்பவனோ சாராயத்தை விட்டுக் கசிப்பை நாடுகிறான். அடகுக்குப் போவது மனைவியின் தோடு; குறைவது பிள்ளையின் சோறு. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம் என்கிறது மருத்துவம். அவனுக்கு வெறுங்கையே மருந்தாகுமென்பதை நான் ஒப்பேன்.

மதுவரியால் அரசுக்கு வருவாய் உண்டு. அதில் ஒரு பங்கேனும் தோட்டங்களை அண்டிய வைத்தியசாலைகளில் குடிநோய்ச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். மழை நாளிலும் லயத்து அடுப்பு எரியும் வகையில் ஊதியமும் அமைய வேண்டும். இவ்விரண்டையும் செய்தபின் நாம் உபதேசம் செய்யலாம்.